அறுவடை முடியட்டும், அங்கோர் போகலாம்!

வாசகர் கேள்வி – பதில்

"நெருங்கிய தோழியோடு, நண்பனோடு வெளிநாடு போக ஆசையா? சந்தேகங்களை எழுதுங்கள்" என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காவிரிப் படுகையிலிருந்து. அதிலும் பலர் கேட்டிருந்தது கம்போடியாவின் பழம்பெரும் கோயிலான அங்கோர் வாட். இந்த இதழ் முழுக்க அவர்களுக்கு.

*

கேள்வி: நானும் என் பள்ளித் தோழியும் படிக்கிற காலத்திலேயே அங்கோர் வாட் போவதென்று பேசி வைத்தோம். பிள்ளைகள், மாமியார், வயல் என்று நாற்பது வருஷம் ஓடிவிட்டது. எனக்கு 59, அவளுக்கு 61. இரண்டு பேரிடமும் பாஸ்போர்ட்கூட இல்லை. எங்கே ஆரம்பிப்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் பெயரில் ஆரம்பியுங்கள். நம் ஊர்க்காரர்களின் வெளிநாட்டுப் பயணம் காசில் தடுக்குவதைவிட இனிஷியலில் தடுக்குவதுதான் அதிகம்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது. "ஆர். கமலா" என்றால் அந்த ஆர் என்ன என்று விரித்து எழுத வேண்டும். விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர் என்று இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்படியும் பாஸ்போர்ட் வந்துவிடும். சிக்கல் பிறகுதான். விமான டிக்கெட் தளம் இரண்டாவது பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. ஒரு நிறுவனம் பெயரையே இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி கேட்கும். துபாய்ப் பக்கம் ஒற்றைப் பெயரோடு போனால் விசாவிலேயே தகராறு. ஆகவே குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ போட்டுவிடுங்கள். எதைப் போட்டாலும் ஆதாரிலும் பான் அட்டையிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். ஒன்றில் 'டி', இன்னொன்றில் 'டிஹெச்' என்று இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு பாஸ்போர்ட். வரிசையை மாற்றினால் இரண்டு முறை அலைய வேண்டும்.

விண்ணப்பம் பாஸ்போர்ட் சேவை இணையதளத்தில். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு சாதாரண முறையில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. உங்கள் தோழி 1,350 கட்டினால் போதும். தட்கலுக்குக் கூடுதலாக 2,000. நாற்பது வருஷம் காத்திருந்த உங்களுக்குத் தட்கல் எதற்கு? உங்கள் ஊருக்குத் தஞ்சாவூர் சேவா மையம் வசதி. இரண்டு பேரும் ஒரே நாளில் அடுத்தடுத்த நேரம் எடுத்தால் ஒரே பஸ்ஸில் போய் வரலாம்.

இப்போது எந்த வீட்டில் வசிக்கிறீர்களோ அந்த முகவரியைக் கொடுங்கள். ஆதாரில் மன்னார்குடி, ஆள் இருப்பதோ சென்னையில் மகன் வீட்டில் என்றால் போலீஸ் சரிபார்ப்பில் "ஆள் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். புத்தகம் ஸ்பீட் போஸ்ட்டில் வரும், உங்கள் கையில்தான் கொடுப்பார்கள். திருமணச் சான்றிதழ் கேட்பார்களோ என்ற கவலை வேண்டாம், இப்போது அது கட்டாயமில்லை. 50 வயதைத் தாண்டியவர்கள் என்பதால், பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் பாஸ்போர்ட்டில் விழும் இ.சி.ஆர். (வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும் என்ற) முத்திரையும் உங்களுக்கு இராது.

*

கேள்வி: நாங்கள் நண்பர்கள் இருவரும் விவசாயிகள். எந்த மாதம் போனால் வயலும் கெடாமல், ஊரும் பார்த்துத் திரும்பலாம்?
– வாசகர், வலங்கைமான்

பதில்: இந்தக் கேள்விக்கு டிராவல்ஸ்காரர்களிடம் பதில் கிடைக்காது. கம்போடியாவில் நல்ல பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று அவர்கள் சொல்வார்கள். சரிதான். மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை. ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் அந்த நவம்பர், டிசம்பரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. சம்பாவில் தண்ணீர் நிற்கும்போது அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியாம் ரீப்பில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு போன் போடுவதற்கு, போகாமலே இருக்கலாம்.

நீங்கள் குறுவை, தாளடி என்று இருபோகம் செய்பவரா, ஒருபோக சம்பாவா என்று எழுதவில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை போட்டவருக்கு புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை, கையோடு தாளடி நடவு. நடுவில் மூச்சுவிட நேரம் கிடையாது. சம்பாவோ தாளடியோ, தை பிற்பாதியிலிருந்து மாசிக்குள் அறுவடை முடிந்துவிடும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தாளில் உளுந்து, பயறு தெளித்திருப்பீர்கள். அது பனியிலும் மண் ஈரத்திலும் தானே வளரும். நெல் வீட்டைவிட்டுப் போன பிறகு, உளுந்து பறிக்க ஆள் தேடும் முன், பிப்ரவரி கடைசி வாரமும் மார்ச் முதல் வாரமும் உங்களுக்கு வாய்க்கும். சியாம் ரீப்பில் அப்போது காலையும் மாலையும் தாங்கும். நடுப்பகல் சுடும்.

ஒன்றில் மட்டும் கவனம். அறுவடைத் தேதியைக் கணக்கிட்டு டிக்கெட் போடாதீர்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு மூட்டை உள்ளே போகிற தேதியைக் கணக்கிடுங்கள். களத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய குவியலை யாரிடம் விட்டுவிட்டுப் போவீர்கள்?

*

கேள்வி: திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டா? தனித்தனியாக டிக்கெட் போட்டால் மலிவாக வருகிறதே, போடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: திருச்சியிலிருந்து சியாம் ரீப்புக்கு நேரடி விமானம் கிடையாது. கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழி. திருச்சி – கோலாலம்பூர் ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

மலிவு என்று சொன்னீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. திருச்சி – கோலாலம்பூர் ஒரு நிறுவனம், கோலாலம்பூர் – சியாம் ரீப் வேறொரு நிறுவனம் என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால், நடுவில் உங்கள் பெட்டியை யாரும் மாற்றிவிட மாட்டார்கள். மலேசியாவுக்குள் குடியேற்றச் சோதனை முடித்து நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். இந்தியர்களுக்கு 2026 இறுதிவரை மலேசியாவில் 30 நாள் விசா விலக்கு இருப்பதால் இது முடிகிற காரியம்தான். ஆனால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பியிருக்க வேண்டும். பாட்டிக் ஏர் இறங்குவது முதல் முனையத்தில், ஏர் ஏஷியா கிளம்புவது இரண்டாம் முனையத்தில். நடுவே ரயில் உண்டு, சில நிமிடம்தான். ஆனாலும் வரிசை, பெட்டி, ரயில், மறுபடி வரிசை என்று சேர்த்தால் ஐந்து மணி நேர இடைவெளிக்குக் குறைந்து வைக்காதீர்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்தப் பணம் போனதுதான்.

இதையே சிங்கப்பூரில் செய்ய நினைக்காதீர்கள். பெட்டியை எடுக்க வெளியே வர சிங்கப்பூர் விசா வேண்டும். சிங்கப்பூர் வழி என்றால் கடைசிவரை ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும், பெட்டிக்குத் திருச்சியிலேயே சியாம் ரீப் சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்டிய சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

இருவரும் ஒரே பி.என்.ஆரில் போடுங்கள். நேரம் மாறினால் இருவருக்கும் சேர்ந்தே மாற்றுவார்கள். தனித்தனி என்றால் ஒருவர் காலை விமானத்துக்கும் மற்றவர் இரவு விமானத்துக்கும் தள்ளப்படலாம்.

கம்போடிய இ-விசா 30 டாலர். ஒரு முறை நுழையலாம், 30 நாள் தங்கலாம், கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுழைய வேண்டும். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். அறுபது, எழுபது டாலர் கறந்துவிடுவார்கள். முகவரி 'ஜிஓவி' புள்ளி 'கேஹெச்' என்று முடிந்தால்தான் அரசுத் தளம். இதைத் தவிர இ-அரைவல் என்ற வருகைப் படிவம் ஒன்று உண்டு. இறங்குவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் நிரப்ப வேண்டும், காசு கிடையாது. பாஸ்போர்ட் போகிற தேதியிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்க வேண்டும்.

பழைய பயண நூல்களில் பாங்காக் போய் அங்கிருந்து பஸ்ஸில் எல்லை தாண்டும் வழி இருக்கும். 2025 ஜூலையில் தாய்லாந்து – கம்போடியா எல்லையில் சண்டை மூண்டு தரைவழிக் கடவுகள் மூடப்பட்டன. அந்த வழியை மறந்துவிடுங்கள். எல்லையிலேயே இருக்கும் பிரே விஹார் கோயிலையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கிளம்பும் முன் இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: எனக்கு முழங்கால் வலி. தோழி நன்றாக நடப்பாள். அங்கோருக்கு எத்தனை நாள் வேண்டும்? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
– வாசகி, பாபநாசம்

பதில்: மூன்று நாள் சீட்டு எடுங்கள். ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம் என்பதுதான் முழங்காலுக்கு நல்ல செய்தி. ஒரு நாள் சுற்று, ஒரு நாள் ஓய்வு. சீட்டு மையத்தில் முகத்தைப் படம் பிடித்து சீட்டில் அச்சடிப்பார்கள், ஒருவர் சீட்டில் மற்றவர் போக முடியாது. மாலை ஐந்து மணியளவில் மறுநாளுக்கான சீட்டு வாங்கினால் அன்றைய அஸ்தமனத்தையும் பார்த்துவிடலாம். "ஏழு நாளில் மூன்று நாடு" என்று விற்கிற பேக்கேஜ்களில் அங்கோருக்கு அரை நாள்தான் வரும். அதை வாங்காதீர்கள்.

புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது. ஊரிலிருந்து 40 கி.மீ.க்கு மேல். இறங்கிய அன்று எதையும் வைக்காதீர்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் குழப்புவது திசை. அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டியது. உயரத்தில் நம் பெரிய கோயில் விமானத்துக்கு ஏறத்தாழ சமம், நடுக் கோபுரம் 65 மீட்டர். ஆனால் பரப்பு வேறு. அகழியே 190 மீட்டர் அகலம். மேற்கு வாசலில் இறங்கி நடுக் கோபுரம் போய்த் திரும்ப வெயிலில் நடந்தே களைத்துவிடுவீர்கள்.

அதனால் எல்லோரும் செய்வதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எல்லோரும் விடியற்காலை மேற்குக் குளக்கரையில் தோளோடு தோள் இடித்து நின்று உதயம் பார்ப்பார்கள். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் எழுவதால் கோயில் கருநிழலாகத்தான் தெரியும். அழகுதான், ஒரு நாள் போதும். இன்னொரு நாள் காலை ஏழு மணிக்கு டுக்-டுக் என்ற அங்கத்திய ஆட்டோக்காரரைக் கிழக்கு வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். மரநிழல், கூட்டமில்லை, நடையும் குறைவு. உள்ளே நுழைந்ததும் கிழக்குப் பிராகாரச் சுவரின் தென்பாதியில் பாற்கடல் கடையும் சிற்பம், 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் விஷ்ணு. காலை வெளிச்சம் நேராக அதன்மேல் விழும். குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும் மேற்குச் சுவரில் இருக்கின்றன. அவற்றுக்கு மாலை நாலு மணி வெளிச்சம். ஒரே நடையில் இரண்டையும் பார்க்க முயன்றால் ஒன்று இருட்டில்தான் இருக்கும்.

மேல்தளத்துக்குப் பாகான் என்று பெயர். பழைய கல்படியின்மேல் மரப்படி போட்டிருக்கிறார்கள், கைப்பிடி உண்டு. ஆனால் ஏணிபோல் செங்குத்து. ஏறுவதைவிட இறங்குவது முழங்காலை வாட்டும். நீங்கள் கீழே முற்றத்தில் உட்காருங்கள், தோழி போய்வரட்டும். வரிசை பெரிதாக இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும் என்பதால் எங்கே உட்காருவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். அந்தப் படிக்கு சுடிதார்தான் சரி, புடவைத் தலைப்பையும் கொசுவத்தையும் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். பௌத்த விரத நாட்களில் பாகான் மூடியிருக்கும். அவை அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமியை ஒட்டி வருபவை. வீட்டுத் தினசரி காலண்டரைப் பார்த்து அந்த நாட்களை, ஒரு நாள் முன்பின்னாகத் தள்ளி, வேறு கோயிலுக்கு ஒதுக்கிவிடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. புத்தருக்கு வழிபாடு நடக்கும் சன்னிதிகளில் மட்டும் கழற்றுங்கள்.

மீதி நாளில் ஏழாம் ஜெயவர்மனின் பாயோன், பெரிய மர வேர்கள் சுவரைக் கவ்விய தா ப்ரோம். தா ப்ரோமைக் காலையில் திறந்ததுமே பார்த்துவிடுங்கள், ஒன்பதுக்குப் பிறகு பஸ் கூட்டம். பந்தே ஸ்ரீயை விடவே கூடாது. 967-இல் குடமுழுக்கு நடந்த சிவன் கோயில், சிவந்த கல், ஆள் உயரத்திலேயே நுணுக்கமான சிற்பம், படியேற்றம் ஏறக்குறைய இல்லை. உங்கள் முழங்காலுக்கென்றே கட்டியதுபோல் இருக்கும். அதே பாதையில் இன்னும் போனால் கபால் ஸ்பியன். ஆற்றுப் படுகைக் கல்லில் வரிசை வரிசையாக லிங்கம் செதுக்கி, அவற்றின்மேல் தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் ஒன்றரை கி.மீ. ஏற்றம், வேரும் பாறையும். அது தோழிக்கு மட்டும். போட்ட பாதையைவிட்டு அவர் விலகக் கூடாது. போர்க்காலக் கண்ணிவெடிகள் நாட்டின் சில ஒதுக்குப்புறங்களில் இன்னும் உண்டு.

தோன்லே சாப் மிதக்கும் கிராமப் படகுச் சவாரியை ஓட்டல்காரர்கள் வற்புறுத்துவார்கள். மாசி, பங்குனியில் ஏரி வற்றிச் சுருங்கிக் கிடக்கும். மேட்டூர் மூடின பிறகு நம் வாய்க்கால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பணத்தில் இளநீர் குடியுங்கள்.

*

கேள்வி: விமானமே வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் நானும் நண்பரும் இலங்கை போகலாமா?
– வாசகர், கீழ்வேளூர்

பதில்: தாராளமாக. முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. 2023 அக்டோபர் 14-இல் நாகை – காங்கேசன்துறை சேவை தொடங்கியது. சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. தூரம் சுமார் 110 கி.மீ., நான்கு மணி நேரம். பாஸ்போர்ட்டும், இலங்கையின் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும். அனுமதியை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள்.

கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை நம்பவே கூடாது. மற்ற மாதங்களிலும் திரும்பும் கப்பலுக்கும் உங்கள் அடுத்த வேலைக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி வையுங்கள். கப்பல் ரத்தானால் யாழ்ப்பாணத்தின் பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது, அதற்கான பணம் கையில் இருக்கட்டும். வாந்தி வருகிறவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட வேண்டும், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம், நல்லூர், நயினாதீவோடு திரும்பிவிடாமல் பொலன்னறுவை போங்கள். சோழர்கள் ஜனநாதமங்கலம் என்று பெயரிட்ட தலைநகர் அது. அங்கே வானவன்மாதேவி ஈச்சரம் முழுக்கக் கல்லால் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. சின்னக் கோயில்தான். கீழ்வேளூர்க்காரருக்கு அது வெளிநாடாகவே தோன்றாது.

*

கேள்வி: பணத்தை எப்படிக் கொண்டுபோவது? யார் செலவு செய்வது, எப்படிக் கணக்கு வைப்பது?
– வாசகி, திருவாரூர்

பதில்: கம்போடியாவில் அமெரிக்க டாலர் தெருக்கடைவரை ஓடும். ஒரு டாலருக்குக் குறைந்த சில்லறையை உள்ளூர் ரியெலில் கொடுப்பார்கள், டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியெல். ஆனால் நோட்டு பளிச்சென்று இருக்க வேண்டும். ஓரத்தில் சின்னக் கிழிசல், பேனாக் கோடு, ரப்பர் முத்திரை எது இருந்தாலும் வாங்க மாட்டார்கள். இங்கே அன்னியச் செலாவணிக் கடையில் வாங்கும்போதே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். நூறு டாலர் நோட்டை டுக்-டுக்காரரால் மாற்ற முடியாது. ஒன்று, ஐந்து, பத்து, இருபதாகக் கேளுங்கள். உரிமம் பெற்ற கடையில், பில் போட்டு வாங்க வேண்டும். ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து 50,000 ரூபாய் மதிப்புக்கு மேல் வாங்க முடியாது, அதற்கு மேல் வங்கி வழியாக. நோட்டாகக் கொண்டுபோக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரம்பு. உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். சீட்டு, டுக்-டுக், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஐந்து நாளுக்குத் தலைக்கு 300 டாலருக்குள் அடங்கும், ஓட்டல் தனி. டுக்-டுக் ஒரு நாள் சுற்றுக்கு 15 முதல் 20 டாலர், பந்தே ஸ்ரீ என்றால் கூட. ஏறும் முன் பேசிவிடுங்கள்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் நீங்களே திறந்து, வரம்பும் வைக்க வேண்டும். ஓ.டி.பி. வரும் சிம்முக்கு ரோமிங் போடாமல் போனால் அட்டை இருந்தும் பயனில்லை. அட்டை ஒருவரிடம், ரொக்கம் ஒருவரிடம் என்று பிரிக்காதீர்கள். ஒருவர் பை தொலைந்தால் மற்றவரிடம் இரண்டுமே இருக்க வேண்டும்.

கணக்குக்குப் பொதுப்பை ஒன்று வையுங்கள். முதல் நாள் ஆளுக்கு 50 டாலர் அதில் போட்டு, சேர்ந்து செய்யும் செலவெல்லாம் அதிலிருந்து. தீர்ந்ததும் மறுபடி சமமாக. ஒருத்தி வாங்கும் பட்டுத்துணிக்கு மற்றவள் கணக்கு எழுத வேண்டியதில்லை. "நீ இப்போது கொடு, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நாற்பது வருஷ நட்பில்தான் அதிகம் கசக்கும்.

டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்கும்போதே பிடிக்கும் வரி) என்று ஒரு தொகை சேர்த்து வாங்குவார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டால் திரும்பப் பெறலாம். ஏஜென்டிடம் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள்.

*

கேள்வி: நான் சைவம், நண்பர் எல்லாம் சாப்பிடுவார். சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோகலாம்?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: "கறி வேண்டாம்" என்றால் கறி வராது, மீன் சாஸ் வரும். அங்கே காய்கறி வதக்கலிலும் அதுதான் உப்பு. பிரஹோக் என்ற ஊறவைத்த மீன் விழுதும் பல குழம்புகளில் உண்டு. சைவ உணவகம் என்றே நடப்பவையும், இந்திய உணவகங்களும் சியாம் ரீப்பில் இருக்கின்றன. பழமும் வெறுஞ்சோறும் எங்கும் கிடைக்கும். அந்தச் சோற்றுக்குப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் போதும்.

பொடி வகைகளையும் புளிக்காய்ச்சல், ஊறுகாய், நெய்யையும் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் மிளகாய்ப்பொடியைப் பார்த்தால் எடுத்துவிடுவார்கள். நெய் பாட்டிலை இரண்டு பாலிதீன் பைக்குள் கட்டுங்கள். பட்டுக்கோட்டைக்காரர் என்பதால் சொல்கிறோம்: கொப்பரைத் தேங்காய் கூடவே கூடாது. எண்ணெய்ச் சத்தால் தீப்பற்றும் என்று பெட்டியிலிருந்தே எடுத்து வைத்துவிடுவார்கள். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு, கைப்பையில் மட்டும்தான். சிங்கப்பூரில் இறங்குபவர்கள் கசகசா, மெல்லும் புகையிலை, சூயிங்கம் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வெற்றிலைப் பெட்டியில் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் புகையிலைத் துண்டையும் தட்டிவிடுங்கள்.

*

கேள்வி: இரண்டு பேருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம். இன்ஷூரன்ஸ் அவசியமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அவசியம். இருப்பதைச் சொல்லி எடுங்கள். பிரீமியம் கூடும் என்று சர்க்கரையை மறைத்தால், ஆஸ்பத்திரி பில் வரும்போது அதைக் காட்டியே மறுப்பார்கள். பாலிசியில் இரண்டு இடத்தைத் தேடிப் படியுங்கள். ஒன்று, அவசரமாக வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு. சியாம் ரீப்பிலிருந்து பெரிய சிகிச்சைக்குப் பலரை பாங்காக்குக்குத்தான் கொண்டுபோகிறார்கள். இன்னொன்று, கிளம்பும் முன் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மற்றவரின் டிக்கெட் பணமும் கிடைக்குமா என்பது. பல பாலிசிகளில் அது ரத்த சொந்தத்துக்கு மட்டும்தான். நண்பர் அதில் வருவதில்லை.

மாத்திரைகளைப் பயண நாட்களோடு ஒரு வாரம் கூட்டி, அட்டையோடு, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்ஷூலினைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, சரக்கறைக் குளிரில் உறைந்தால் வேலை செய்யாது. கம்போடியா நமக்கு ஒன்றரை மணி நேரம்தான் முன்னால். நேரத்தை மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உதயம் பார்க்க நாலரைக்குக் கிளம்பும் நாள்தான் ஆபத்து. வழக்கப்படி மாத்திரையைப் போட்டுவிட்டு, எட்டரை வரை சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை இறங்கித் தலைசுற்றும். அன்று எந்த மாத்திரையை எப்போது என்று உங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். இருவர் பையிலும் வாழைப்பழமும் குளுக்கோஸும் இருக்கட்டும். இருவருக்குமே சர்க்கரை என்பதால், ஒருவர் மற்றவரின் மருந்துப் பட்டியலையும் தன் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். விமான நிலையச் சக்கர நாற்காலி இலவசம், டிக்கெட் போடும்போதே கேட்டு வையுங்கள். அதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

*

கேள்வி: நண்பன் கம்போடியாவில் இருக்கிறான். டூரிஸ்ட் விசாவில் வா, ஊரும் பார்க்கலாம், கம்ப்யூட்டர் வேலையும் வாங்கித் தருகிறேன் என்கிறான். போகலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: வேண்டாம். டூரிஸ்ட் விசாவில் வேலை செய்வதே சட்டப்படி தவறு. "டேட்டா என்ட்ரி" என்று அழைத்துப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. இந்திய அரசே பலமுறை எச்சரித்திருக்கிறது. அழைப்பது நெருங்கிய நண்பன் என்பதால் மட்டும் நம்பாதீர்கள். ஆள் சேர்த்தால்தான் வெளியே விடுவோம் என்று அவனையே மிரட்டியிருக்கலாம். வேலை உண்மை என்றால் வேலை விசா வரட்டும், ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவன் சிக்கியிருப்பதாகத் தோன்றினால் புனோம் பென்னிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கும் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் தெரிவியுங்கள்.

*

கேள்வி: செலவைக் குறைக்க ஒரே அறை எடுக்கலாம் என்கிறாள் தோழி. அவள் குறட்டை விடுவாள். எப்படிச் சொல்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இப்போதே, டிக்கெட் போடும் முன் சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் இரவு தூக்கமில்லாமல் சொன்னால் வேறு குரலில் வரும். சியாம் ரீப்பில் அறை வாடகை கோலாலம்பூரைவிடக் குறைவு, அங்கே இரண்டு அறை எடுங்கள். கோலாலம்பூரில் ஓரிரவுதான், அங்கே ஒரே அறை போதும். 'ட்வின்' என்று பார்த்துப் பதியுங்கள். 'டபுள்' என்றால் இரண்டு பேருக்கும் ஒரே கட்டில்தான் கிடைக்கும். காதில் வைக்கும் பஞ்சு மெடிக்கலில் விற்கிறது.